எந்தப் பாட்டில் இருக்கிறாய், ரங்கராஜ்?

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை
11-6-1967

அன்புத் தம்பி ரங்கராஜுக்கு,

அக்கா கங்கம்மாள் ஆசியோடு எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மழையைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது. போன கடிதத்தில் நான்கு பக்கம் பியானோவைப் பற்றி எழுதிவிட்டு உடம்பைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

சித்திரையில் தூறியது தூசி அடங்கக்கூடப் போதவில்லை. கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடக்கூட அடுத்த தெருவில் போய்த் தண்ணீர் கேட்கிறோம். திருச்சுழிப் பக்கம் கருவேலங்காயைத் தட்டிப்போட்டுத்தான் ஆடுகளைக் காப்பாற்றுகிறார்களாம். உன் மாமா எப்போதும்போல் நெசவாளர் சங்கத்துக்கு நெய்கிறார், எப்போதும்போல் பேசமாட்டார். வீட்டுக்குச் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்து எழுத்தர் சங்கரலிங்கம் ஜவுளிக் கண்காட்சிக்குப் பட்டணம் போய் வந்தார். வந்ததிலிருந்து தெருவில் உன் பேச்சுத்தான். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் யாரையோ பார்க்கப் போனாராம். அங்கே நீ கறுப்புக் கோட்டும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சுமாகப் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாயாம். சுற்றிலும் பர்மிட் வைத்துக் குடிக்கிற துரைமார்கள். நீ வாசிக்கும்போது யாரும் உன் பக்கம் திரும்பவில்லையாம். நிறுத்தினால் மட்டும் திரும்பிப் பார்த்தார்களாம்.

இதையெல்லாம் அவர் நம் வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னார். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டபடி காதில் விழாதது மாதிரி நெய்துகொண்டிருந்தார். நீ போன இந்த ஆறு வருடத்தில் அவர் வாயில் உன் பேர் வந்ததில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேனே. ஹோட்டல் சாயங்கால வேலைதான், பகலெல்லாம் அவன் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறான், ரேடியோவில் நாம் கேட்கிற பாட்டில் எல்லாம் அவன் இருக்கிறான் என்று சத்தமாகச் சொன்னேன். அப்பா ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவைக் கையில் பிடித்து நிறுத்தினார். "எந்தப் பாட்டுல இருக்கான்? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே, ஒரு பாட்டுல இந்தச் சத்தம் எம் மகன் போட்டதுன்னு என் காதுக்குக் காட்டு. காட்டிட்டா நானே அவனை வீட்டுக்குக் கூப்பிடுறேன்" என்றார். நாம் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் இது இன்னும் காரமாக இருந்தது. தமிழில் எழுதும்போது கொஞ்சம் ஆறிவிடுகிறது.

சங்கரலிங்கம் சாட்சி. அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆறு வருடத்தில் முதல் தடவையாக இறங்கி வந்திருக்கிறார், அதுவும் கோபத்தில். எப்படி வந்தால் என்ன, பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உடனே சவுண்டு சர்வீஸ் சோணைமுத்து கடைக்குப் போனேன். கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிறாரே, அவரேதான். அவர் வைத்திருக்கிற ரிக்கார்டு ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாடினவர் பேர் இருக்கிறது. இசையமைத்தவர் பேர் இருக்கிறது. படத்தின் பேர் இருக்கிறது. ரிக்கார்டு கம்பெனி பேர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. உன் பேர் ஒன்றில்கூட இல்லை. என்ன நியாயம் இது என்று கேட்டதற்கு, "கல்யாணப் பத்திரிகையில சமையக்காரன் பேரை யாருக்கா போடுறாக?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆகையால் நான் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. எந்தப் பாட்டு, அதில் எந்த இடம்? பாடுகிறவர் பாடும்போதா, மூச்சு வாங்கும்போதா? முன்னே பின்னே பார்க்காத பாட்டைத் தாளை முன்னால் வைத்ததும் வாசிப்பேன் என்கிறாயே, அது எப்படி? தப்பு வந்தால் கூட வாசிக்கிற நாற்பது பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டுமா? தப்புச் செய்தவனை எல்லோரும் முறைப்பார்களா? காலையில் தெலுங்குப் படம், மத்தியானம் சோப்பு விளம்பரம், சாயங்காலம் ஹோட்டல் என்று ஓடினால் கை குழம்பாதா? பியானோ, ஆர்கன், அக்கார்டியன், ஆர்மோனியம், இன்னும் மணிச் சத்தம் வருகிற ஏதோ ஒரு பெட்டி, இத்தனையும் நீயே வாசித்தால் மற்றவர்களுக்கு அங்கே என்னதான் வேலை?

உன் மாமா படித்துவிட்டு, போலீஸ்காரன்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டான் என்கிறார். அவர் கிடக்கிறார். உடனே பதில் போடு.

ஆசிகளுடன்
அக்கா கங்கம்மாள்

*

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை
20-10-1967

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இன்றைக்கு நல்ல செய்தி இருக்கிறது, ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவில் தாண்டிப் படிக்காதே.

உன் பதில் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். வாசித்த பாட்டின் பேர் உனக்கே தெரியாதாமே! ரிக்கார்டிங்கில் நம்பர் மட்டும்தான் சொல்வார்கள், படத்தின் பேர் பாதியில் மாறும், சில பாட்டு வெட்டுப்பட்டே போகும், இந்த வருடம் இதுவரை இருநூறு வாசித்திருப்பேன், எது எங்கே போயிற்று என்று கேட்டால் முழிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு படத்தில் பேய் நடந்துவருவதற்கு வாசித்தாயாம். இன்னொன்றில் கதாநாயகி பியானோவில் விரலை ஆட்டுவாள், சத்தம் உன்னுடையதாம். அவள் வளையலாவது உண்மையா? பழைய காலத்து மெட்டா, இங்கிலீஷ் மெட்டா, வடநாட்டு மெட்டா, எது கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் கொடுப்பதால்தான் உன்னை விடாமல் கூப்பிடுகிறார்கள் என்று படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் அப்பாவிடம் காட்ட அதில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு நாள் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நெசவுத் தெருவில் பிறந்தவளுக்கு இதற்குக் கடிதம் எதற்கு? கண்ணைக் கட்டிவிட்டாலும் இது இன்னார் வீட்டுத் தறி என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறவள் நான். உன் மாமா தறிப் பலகையை இரண்டு தரம் தட்டுவார், இரண்டாவது சும்மா பழக்கத்துக்கு. எதிர்வீட்டுச் சென்னய்யா கோபம் வந்தால் வேகமாகவும் கடன்காரரைக் கண்டால் மெதுவாகவும் நெய்வார். நீ நெய்கிறபோது உன் இடது கால் தறி மிதியில் ஓர் இமை நேரம் முந்தி விழும். மிஷன் பள்ளிக்கூடத்து ஆர்கனை நீ தொட்டபோதும் இடது கைதான் முந்தியது. மதுரைக்குச் சேலை மூட்டை கொண்டுபோன இடத்தில் ரயில்வேக்காரர்கள் கிளப்பில் பியானோ பழகி, எனக்கு வாசித்துக் காட்டினாயே, அப்போதும் அப்படித்தான். ஆகவே இடது கை முந்துகிற பாட்டைத் தேடினால் நீ கிடைத்துவிடுவாய்.

சோணைமுத்து முதலில் என்னைக் கண்டாலே கடைக் கதவைச் சாத்தினார். பிறகு அவருக்கே ருசி தட்டிவிட்டது. "அக்கா, இதுல பியானோ வருது, கேளுங்க" என்று ஆள் அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டார். திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் மைக் செட் கட்டப் போனபோது நானும் பஸ் ஏறிப் போனேன். பழக்கமில்லாத வீடு. ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒருத்தி காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஒரு அம்மாள் வந்து, "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டாள். ரிக்கார்டு வீடு என்றேன். பாவம், இலை போட்டுச் சாப்பாடும் போட்டாள்.

கேட்டுக் கேட்டுத் தள்ளியதைச் சொல்கிறேன். இரண்டு பேர் படகில் போகிற பாட்டு: பியானோ தண்ணீர் தளும்புவதுபோல வருகிறது, ஆனால் இரண்டு கையும் அளந்து வைத்தாற்போல ஒன்றாக விழுகின்றன. நீ இல்லை. மணிப்பெட்டி வருகிற தாலாட்டு: அதுவும் அப்படியே, நீ இல்லை. கிளப் டான்ஸ் பாட்டு ஒன்று: யாரோ வெள்ளைக்காரன் வாசித்ததுபோல் இருக்கிறது, நிச்சயமாக நீ இல்லை. அப்புறம்தான் அந்த ரயில் பாட்டு கிடைத்தது. கதாநாயகன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாடுகிறான். இரண்டாவது அடி முடிந்ததும் பியானோ தனியாக வருகிறது. இடது கை முந்துகிறது! தம்பி, சோணைமுத்து கடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

ஆயுத பூஜையன்று காட்டுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும். கோயில் குழாயில் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்பா தறிக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இப்போது கேளுங்கள், இப்போது, இப்போது என்று நான் கையைக் காட்டினேன். பொட்டு வைத்த கை அப்படியே நின்றது. மறுபடியும் போடச் சொல் என்றார். நான்கு தரம் போட்டோம். பூசாரி சத்தம் போட்டார், அம்மன் பாட்டு எங்கே என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "அவன்தான். அந்த எடது கையப் பாத்தியா" என்று சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "பொங்கலுக்கு வரச் சொல்லு" என்றார்.

வருகிற தேதியை எழுது. கறுப்புக் கோட்டைக் கொண்டுவா, பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம். கழுத்து முடிச்சை எனக்குக் கட்டிக் காட்ட வேண்டும்.

மகிழ்ச்சியுடன் ஆசி கூறும்
அக்கா கங்கம்மாள்

*

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை
10-12-1967

தம்பி ரங்கராஜுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். ஒரு வாரம் மழை பெய்தது, நரிக்குடிப் பக்கம் கண்மாய் பாதி நிறைந்துவிட்டதாம், நமக்குக் கிணறு பரவாயில்லை. இதற்கு மேல் செய்தி எழுத எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தை உன் மாமாகூடப் பார்க்காமல் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். ரயில் பாட்டில் வாசித்தது நீ இல்லையாம். ஃபெலிக்ஸ் என்ற கோவாக்காரராம், இப்போது பம்பாயில் இருக்கிறாராம், அன்றைக்கு நீ அந்த ஸ்டூடியோப் பக்கமே போகவில்லையாம். சரி, அதோடு நிறுத்தினாயா? நான் தள்ளிவிட்ட மூன்று பாட்டும் நீ வாசித்ததாம்! படகும் நீ, தாலாட்டும் நீ, அந்த வெள்ளைக்காரனும் நீ. படித்தபோது உன்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, பிறகு முகம் தெரியாத அந்த ஃபெலிக்ஸ்மேல் வந்தது. அந்த மனிதருக்கு ஏன் இடது கை முந்த வேண்டும்?

பட்டணம் போன முதல் மாதமே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன், விடாவிட்டால் மறுநாள் கூப்பிடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். படகுப் பாட்டைப் பாதிவரை வேறொருவர் வாசித்தாராம், அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அதே பாட்டை அவர் விட்ட இடத்திலிருந்து அவர் வாசித்த மாதிரியே நீ முடித்தாயாம். அவர் மாதிரி வாசி என்றால் அவர் மாதிரி, இவர் மாதிரி வாசி என்றால் இவர் மாதிரி. அப்படியானால் உன் மாதிரி எப்போதுதான் வாசிப்பாய் என்று கேட்க நினைத்தேன், அடுத்த பக்கத்தில் அதற்கும் பதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹோட்டலில் நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஜாஸ் என்று ஒன்று வாசிப்பீர்களாம், அப்போது கை அதன் இஷ்டத்துக்குப் போகுமாம். எழுதிவைத்த தாளே கிடையாதாம். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பாராம். சண்டை வராதா? யார் முடிப்பது என்று எப்படித் தெரியும்? இதை இன்னொரு நாள் விவரமாக எழுது, இப்போது என் தலையில் வேறு பாரம் இருக்கிறது.

தம்பி, நடந்ததைக் கேள். அப்பா ஆளே மாறிவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இலங்கை வானொலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாட்டு வந்தால் பக்கத்தில் இருக்கிறவரிடம், "கேளுங்க, இப்ப வரும், எம் மகன்" என்கிறார். முன்பின் தெரியாத பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாக உன் பேரைச் சொல்லாத வாய் இது. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் பழைய தறிக்குழியின் மேல் பலகை போட்டு, நீ படுக்க இடம் செய்திருக்கிறார்.

இந்த நிலையில், ஃபெலிக்ஸ் வாசித்ததற்குக் கிடைத்த அழைப்பில் நான் எப்படி வீட்டுக்குள் கால் வைப்பேன் என்று கேட்கிறாய். நியாயம்தான். அடுத்தவர் வாசித்ததைத் தன்னுடையது என்று சொல்கிறவனை உங்கள் கூட்டத்தில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்கிறாய். அதுவும் நியாயம்தான். ஆனால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாமே. பேசாமல் வா. சிரித்துக்கொண்டு நில். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன். ரிக்கார்டில் பேர் போடவில்லை என்று ஆறு மாதமாகத் திட்டினேன். இப்போது போடாததே நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. ஃபெலிக்ஸ் அவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு எழுதிவிடு, வேண்டுமானால் ஒரு சேலை அனுப்புகிறேன், அவருக்கு மனைவி உண்டா?

பிழை என்னுடையது. அதற்காக அப்பாவைத் தண்டிக்காதே. பொங்கலுக்கு வா.

அக்கா கங்கம்மாள்

*

சௌடேஸ்வரி அம்மன் துணை

அருப்புக்கோட்டை
18-2-1968

அன்புத் தம்பி ரங்கராஜுக்கு,

அக்காவின் ஆசிகள். நீ பொங்கலுக்கு வரவில்லை. அனுப்பிய கரும்புப் படம் போட்ட வாழ்த்து வந்தது, பிள்ளைகள் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அப்பா மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். விருதுநகர் பஸ் ஒவ்வொன்றும் காலியாகிறவரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மாட்டுப் பொங்கலன்று, "டவுனுல வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் எனக்குச் சொல்கிறார்! அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அன்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ரயில் பாட்டு நீ இல்லை என்று நீயே எழுதினாய், நான்தான் மறைத்தேன், அதனால்தான் நீ வரவில்லை என்று.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூன்று நாள் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப அவன் வாசிச்சது எது? வா, போவோம்" என்றார்.

சோணைமுத்து கடையில் அப்பாவுக்கு ஸ்டூல் போட்டார்கள். படகுப் பாட்டைப் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன மனிதரின் கதையையும், நடுவில் எங்கோ ஆள் மாறியதையும் சொன்னேன். அப்பா ஸ்டூலை ரிக்கார்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கன மாறுது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுபடி போட்டோம். சோணைமுத்து, சரணத்துக்கு முன்னால் என்றார். அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. எட்டுத் தரம் ஓடியது. முள் தேய்ந்துவிடும் என்று சோணைமுத்து கெஞ்சினார். அப்பாவுக்கும் இடம் பிடிபடவில்லை. பிறகு, "இது நான் பாக்குற வேலைதானே?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் விளங்கியது. எதிர்வீட்டுச் சென்னய்யா மார்கழியில் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். தறியில் பாதிச் சேலை. தெரு வழக்கப்படி யாராவது உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டும், ஆனால் கை மாறினால் அந்த இடத்தில் துணியில் கோடு விழும், சங்கத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். இந்தத் தெருவில் கோடு விழாமல் முடிக்கிறவர் அப்பா ஒருவர்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவரைத்தானே கூப்பிடுவார்கள். சென்னய்யா தட்டுவது மாதிரியே தட்டி, அவர் இழுப்பது மாதிரியே இழுத்து, ஒன்பது முழம் நெய்துகொடுத்தார். சேலை சென்னய்யா நெய்ததாகவே போயிற்று. அப்பா அதை எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்பார்.

வேப்பமரத்தடியில் நின்று அவராகவே பேசினார். நான் கேட்காமல் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை, அதனால் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். "கால் முந்துதுன்னு தெருவே பாக்க அவனைத் தறிய விட்டு எறக்குனேன். மறுநாளு போயிட்டான். எறக்குனது தப்புன்னு சொல்லமாட்டேன். கோடு விழுந்தா சேலை சேலையில்ல. ஆனா அந்தக் காலை அவன் எங்க கொண்டுபோயி வச்சிருக்கான்? அடுத்தவுக கையெல்லாம் வாசிக்கிறான், சரி, வேலைன்னா அப்படித்தான். அவன் கைய நான் கேக்கணும்."

நான் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியைப் பற்றிச் சொன்னேன். குடிக்கிறவர்கள் இருக்கிற இடம் என்பதையும் சொன்னேன். "நான் குடிக்கவா போறேன்?" என்றார்.

ஆகவே நாங்கள் வருகிறோம். அப்பா, நான், உன் மாமா. மார்ச் இரண்டாம் தேதி சனிக்கிழமை விருதுநகரில் ரயில் ஏறுகிறோம். மூன்றாம் தேதி காலை எழும்பூர். சங்கரலிங்கம் வழி எழுதிக் கொடுத்திருக்கிறார், ஹோட்டலுக்கு நேராக வந்துவிடுவோம். அப்பாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து மேலுக்குத் துண்டு தவிர எதுவும் போடாதவர், அளவெடுக்கும்போது கையைத் தூக்கியவர் இறக்கவேயில்லை. செருப்பும் வாங்கியிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் காலையும் மாலையும் நடந்து பழகுகிறார், பின்னால் நாய் குரைக்கிறது.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியவை. உள்ளே எங்கே உட்கார வேண்டும்? ஏதாவது வாங்கிச் சாப்பிட்டே ஆகவேண்டுமா, காப்பி போதுமா? வாசிப்பு முடிந்தால் கையைத் தட்ட வேண்டுமா, நடுவில் தட்டினால் தப்பா? முக்கியமாக, வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நின்று ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார் என்கிறார் சங்கரலிங்கம். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வருவார், சட்டை போட்டிருப்பார், சட்டைக்கு மேலும் துண்டு இருக்கும், அதை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொரு தரம் அவரைக் கிளப்ப என்னால் ஆகாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மறக்கவில்லை, சொல்லலாமா என்று யோசித்தேன். நாங்கள் வருவதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "நான் வாரேன்னு தெரிஞ்சா ஒழுங்கா வாசிச்சிருவான்" என்கிறார். வாசல்காரருக்குப் பயந்துதான் சத்தியத்தை மீறி இதை எழுதுகிறேன், அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

ஆகையால் தம்பி, எங்களைப் பார்த்தால் பார்க்காத மாதிரி இரு. எழுந்து வராதே, வாசிப்பதை நிறுத்தாதே. அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவர் இருக்கிறார் என்று மட்டும் கையை அடக்கிவிடாதே.

அம்மன் உன் இரண்டு கைக்கும் துணை இருக்கட்டும்.

உன் அக்கா
கங்கம்மாள்